வலியே இல்லாத கழுத்துத் தேய்வு: டிராக்‌ஷன் போடலாமா?

கேள்வி (பிசியோ, ஆலங்குளம்):
பீடி சுத்துற அம்மா, வயசு 58. கழுத்துவலி கிடையாது. பீடி முனை மடக்கவும் நூல் கட்டவும் விரல் ஓடலை. கால் விறைப்பு, செருப்பு கழண்டு போறது தெரியலை. சர்க்கரை இருக்கு, ‘சர்க்கரை நரம்பு’ன்னு மாத்திரை ஓடுது. இடுப்பு எம்ஆர்ஐயிலே எல்4-எல்5 (கீழ் இடுப்பு எலும்பு) தேய்வு. சீட்டுலே இடுப்புக்கும் கழுத்துக்கும் இழுத்துப் பிடிக்கிற டிராக்‌ஷன் எழுதியிருக்கு. போடலாமா அண்ணாச்சி?

பதில் 1:
போட்டுராதீங்க தம்பி. தண்டுவடமே மேல் இடுப்புலே, எல்1-எல்2 பக்கத்துலே முடிஞ்சிரும். அதுக்குக் கீழே நசுங்கினா கால் தளரும், விறைக்காது; கைவிரலை எட்டவே எட்டாது. கையும் காலும் சேர்ந்து கெட்டா கழுத்துலே தண்டுவடம் நசுங்குதான்னுதான் பாக்கணும்.

முழங்காலைச் சுத்தியலாலே தட்டுங்க. சர்க்கரை நரம்புன்னா ரிஃப்ளெக்ஸ் (தட்டினா கால் தானா உதறுறது) மங்கும், தண்டுவடம்னா துள்ளும். ரெண்டும் இருந்தா கணுக்கால்லே ஒண்ணும் வராது, அங்கதான் பலபேர் ஏமாறுறது. நடுவிரல் நகத்தைக் கீழ்நோக்கிச் சுண்டுங்க. கட்டைவிரல் மடங்கினா ஹாஃப்மன் பாசிட்டிவ், தண்டுவடம் நசுங்குறதுக்கு ஒரு அறிகுறி. கையை வேகமா மூடித் திறக்கச் சொல்லுங்க: 10 விநாடியிலே 20-க்குக் குறைஞ்சா சந்தேகம். குதிகாலும் விரலும் ஒட்டி நேர்கோட்டுலே நடக்க விடுங்க, பக்கத்துலே ஆள் நிக்கணும்.

பதில் 2:
கழுத்து எம்ஆர்ஐயோட பி12-ம் பாத்துருங்க, அது குறைஞ்சாலும் இதே மாதிரி நடை வரும். காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி இருந்தா முதுகெலும்பு டிபியை விட்டுராதீங்க, வைத்தியமே வேற.

எம்ஆர்ஐயோட சிடி ஸ்கேனும் எடுங்க, வீண்செலவு இல்லை. தண்டுவடத்துக்கு முன்னால இருக்கிற தசைநார் எலும்பா மாறியிருந்தா எம்ஆர்ஐயிலே வெறும் டிஸ்க் மாதிரி தோணிரும். அது தண்டுவட உறையோட ஒட்டியிருந்து, முன்பக்கமா எடுக்கப்போனா உறை கிழிஞ்சு நீர் கசியும். பல மட்டத்துலே இருந்தா, கழுத்து வளைவு சரியா இருக்கிற பட்சத்துலே, பின்பக்கமா தண்டுவடத்துக்கு இடம் விரிக்கிறதுதான் பல சர்ஜன்களும் எடுக்கிற வழி.

தண்டுவடம் நசுங்கினதாலே கை, கால் எவ்வளவு கெட்டிருக்குன்னு அளக்கிற எம்ஜேஓஏ மதிப்பெண் 18-க்கு; குறையக் குறைய மோசம். 14-ம் அதுக்குக் கீழேயும்னா ஆபரேஷன். 15-17-ன்னா ஆபரேஷனும் செய்யலாம், கண்காணிப்போட பயிற்சியும் பாக்கலாம். மதிப்பெண் குறைய ஆரம்பிச்சா காத்திருக்கக் கூடாது. ஆபரேஷனோட முதல் வேலை மேலும் கெடாம நிறுத்துறது. விரல் பழையபடி ஓடும்னு வாக்கு கொடுத்துராதீங்க.

பதில் 3:
சுளுக்கு வழிக்கிறது, சலூன்லே கழுத்தை நெட்டி முறிக்கிறது ரெண்டையும் வீட்டாள்கிட்ட கறாரா தடுங்க. இடம் குறுகின கழுத்துலே சின்ன வழுக்கலே ரெண்டு கையையும் செயலிழக்க வச்சிரும். ஒண்ணுக்கு அடைச்சாலோ நடை திடீர்னு விழுந்தாலோ அன்னைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அட்மிஷனுக்கு முன்னாடியே காட்டணும்.

கேட்டவர்:
ஹாஃப்மன் ரெண்டு கையிலும் பாசிட்டிவ். மூடித் திறப்பு வலது 11, இடது 13.

பதில் 1:
இந்த எண்களை அப்படியே சீட்டுலே எழுதி அனுப்புங்க. வெறுமனே ‘கழுத்துத் தேய்வு’ன்னு எழுதினா எலும்பு ஓபியிலே பெல்ட்டும் கால்சியமும் கொடுத்துத் திருப்பிருவாங்க.