ஓட்டுநரின் மிகைநேரப் படி: பட்டியலும் திரும்புகிறது, செலவையும் குறைக்கச் சொல்கிறார்கள்

கேள்வி (நிர்வாகப் பிரிவு, சென்னை):
வணக்கம். எங்கள் மத்திய அரசு அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட ஓட்டுநர் பணியிடங்கள் மூன்று, இருப்பவர் ஒருவரே. விடியற்காலை ஐந்து மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டியை எடுப்பவர், பல நாள்களில் இரவு ஒன்பதுக்குத்தான் ஷெட்டில் விடுகிறார். எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லை, பயோமெட்ரிக் பதிவும் பொருந்தவில்லை என்று கணக்குப் பிரிவு அவருடைய மிகைநேரப் படிப் பட்டியலை இரண்டாம் முறையாகத் திருப்பியிருக்கிறது. இதே இனத்தில் செலவைக் குறைக்கவும் கடிதம் வந்துள்ளது. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரையை ஏற்று, பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2018 ஜூன் 19 அன்று வெளியிட்ட குறிப்பாணை, இயக்கப் பணியாளர்களுக்கும் (அலுவலகம் தடையின்றி இயங்குவதில் நேரடியாக ஈடுபடும், எழுத்துப் பணி சாராத ஊழியர்கள்) சட்டப்படி ஓவர்டைம் பெறும் தொழிற்கூடப் பணியாளர்களுக்கும் தவிர மற்றவர்களுக்கு இந்தப் படியை நிறுத்திவிட்டது. ஆகவே, இயக்கப் பணியாளர் பட்டியலில் உங்கள் ஓட்டுநரின் பெயர் உரிய நியாயத்துடன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவசரப் பணிக்காக இருக்கும்படி மேலதிகாரி எழுத்தில் பணித்திருக்க வேண்டும் என்பதும், படி பயோமெட்ரிக் வருகையுடன் இணைய வேண்டும் என்பதும் அக்குறிப்பாணையிலேயே உள்ளன. முந்தைய நாள் மாலையே ஒரு வரி உத்தரவு வாங்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து விரல் வைக்க முடியாது என்பதால், புறப்பட்ட நேரமும் கிலோமீட்டரும் எழுதி, பயணித்த அதிகாரி கையொப்பமிட்ட லாக் புத்தகப் பக்கத்தின் நகலை இணைத்து, பதிவு பொருந்தாத காரணத்தை விளக்கி அனுப்புங்கள்.

பதில் 2:
எங்கள் அலுவலகத்தில் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவரைக் காலை ஆறுக்கும் மற்றவரை நண்பகலுக்கும் வரச் சொன்ன பிறகு, பட்டியல் போடுவதே அரிதாகிவிட்டது. ஒருவரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வழியில்லை.

பதில் 3:
எனக்கு உறுத்துவது வேறு. படியின் விகிதம் 1991 மார்ச் 19 உத்தரவின்படியே இன்னும் நிற்கிறது. அதனால் இன்னொருவரை நியமிப்பதைவிட இருப்பவரைப் பிழிவது மலிவாகத் தெரிகிறது. தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுபவரின் உடல்நலம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிரப்பப்படாத பணியிடம் ஒழிந்ததாகவே கருதப்படும் என்ற செலவினத் துறையின் அறிவுறுத்தலையும் மறந்துவிடாதீர்கள். அந்த இரண்டு இடங்களும் எந்தத் தேதியிலிருந்து காலி?

கேள்வி கேட்டவர்:
பதிவேட்டைப் பார்த்தேன். ஓர் இடத்துக்கு இன்னும் நான்கு மாதமே மீதமிருக்கிறது. லாக் புத்தகத்தின் ஆறு மாதப் பக்கங்களை இணைத்து, அதை நிரப்பக் கோரும் குறிப்பை நாளைக் காலையே கோப்பில் வைக்கிறேன்.