நோய் வராத பருவத்துக்கும் கட்டணமா?

அம்மா: நேற்று ராத்திரி போனே எடுக்கவில்லை. என்ன ஆச்சு?

நான்: நேற்று இனாக்குலேஷன் அம்மா, செடிக்கு நாங்களே நோயை ஏற்றுகிற வேலை. நாற்றுகளுக்குப் பூஞ்சையின் ஸ்போர், அதாவது விதை மாதிரியான தூள், கலந்த கரைசலைத் தெளித்து ஈர அறைக்குள் வைத்துவிட்டு, அப்படியே கட்டண மனு எழுதுகிற கூட்டத்துக்குப் போய்விட்டேன். போன் பையிலேயே கிடந்தது.

பெரியப்பா: என்ன மனு, என்ன கூட்டம்? படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு பாப்பா? ஆராய்ச்சியை முடித்து வெளியே வருகிற வழியைப் பார்.

நான்: அந்த வழியை மறித்துக்கொண்டு நிற்பதே கட்டணம்தான் பெரியப்பா. உதவித்தொகைக்குக் கால வரம்பு உண்டு. அது நின்ற பிறகும் ஆய்வேட்டைக் கொடுக்கும்வரை ஒவ்வொரு செமஸ்டருக்கும் பதிவு நீட்டிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். இந்த வருஷம் அதை உயர்த்தியும் விட்டார்கள். வருமானம் நிற்கிற நேரம் பார்த்துச் செலவு ஏறுகிறது.

பெரியப்பா: காலத்தோடு முடித்துவிட்டால் பிரச்சினையே இல்லையே.

நான்: எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் பார்ப்பது நெல் குலை நோய். பூஞ்சையின் ஸ்போர் இலையில் விழுந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. இலை மணிக்கணக்கில் ஈரமாக இருக்க வேண்டும், வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், பயிரும் தாங்காத ரகமாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் கூடினால்தான் உண்டு, வயலில் அதை நான் கூட்டிவைக்க முடியாது. போன பருவம் வறண்டே போனது, இலையில் பனி தங்கவே இல்லை. எதிர்ப்பு ரகம், தாங்காத ரகம் எல்லாமே ஒரே பச்சையாக நின்றன. பயிர் வைத்தவர்களுக்கு அது நல்ல பருவம், எனக்கோ ஒரு எண்கூடக் கிடைக்கவில்லை. நோயே வராத வயலை வைத்துக்கொண்டு எந்த ரகம் நோயைத் தாங்கும் என்று எப்படி எழுதுவது? அதனால் இன்னொரு பருவம், அதற்கு இன்னொரு கட்டணம்.

தம்பி: அக்கா, ஆய்வகத்தில் நீயேதான் நோயை வரவைக்கிறாயே, அது போதாதா?

நான்: அது பாதிதான்டா. அங்கே நான் தெளித்த ஒரே பூஞ்சை இனம் மட்டும் இருக்கும், வயலில் பல பூஞ்சை இனங்கள் கலந்து வரும். ஆனால் ஆய்வகத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஸ்போர் பேரிக்காய் வடிவம், உள்ளே இரண்டு குறுக்குச் சுவர், மூன்று அறை. நுனியில் இருக்கும் பசையால் இலையில் ஒட்டிக்கொண்டு முளைக்கும், பிறகு ஒரு குமிழைக் கட்டும். அந்தக் குமிழுக்குள் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறும், கார் டயரில் இருப்பதைவிட முப்பது மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில்தான் இலைத்தோலைத் துளைக்கிறது. ஐந்தாறு நாளில் கண் வடிவப் புள்ளி தெரியும், நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. ஏழாம் நாள் நோய் எவ்வளவு என்று 0 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். தள்ளிப்போட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், எதுவும் பிரியாது.

அம்மா: பதிவாளரைப் பார்க்கப் போகிறோம் என்றாயே, அது எப்போது?

நான்: அதே ஏழாம் நாள்தான் அம்மா. விடிந்ததும் பசுங்கூடத்தில் மதிப்பெண் போட்டுவிட்டு பதினோரு மணிக்கு அங்கே போய்விடுவேன். நாங்கள் எல்லோருமே மாற்றி மாற்றித்தான் சமாளிக்கிறோம். கோதுமைத் துரு நோய் பார்க்கிற தோழியின் பூஞ்சை தட்டில் வளராது, உயிருள்ள செடியில்தான் வாழும். அவள் கூட்டத்தில் உட்கார்ந்தால் வேறு யாராவது அவள் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். வேலையைப் போட்டுவிட்டுப் போராட எங்களால் முடியாது, முடிந்தாலும் மாட்டோம்.

பெரியப்பா: நிர்வாகத்துக்கும் கரண்ட், பராமரிப்பு என்று செலவு இருக்குமே. அதை யார் கொடுப்பது?

நான்: நியாயமான கேள்வி பெரியப்பா. கட்டணமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் பிரித்துக் காட்டச் சொல்கிறோம். வானிலையால் பருவம் போனது என்று வழிகாட்டி சான்று கொடுத்தால் அந்த செமஸ்டருக்கு நீட்டிப்புக் கட்டணம் வாங்காதீர்கள் என்கிறோம். அப்புறம் இன்னொன்று, இதுதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்துகிறது. உதவித்தொகையை இவர்கள் தாமதமாகப் போடுகிறார்கள், அதனால் நாங்கள் தாமதமாகக் கட்டினால் அபராதமும் இவர்களே வாங்குகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

சித்தி: கண்ணு, கணக்குப் பிரிவில் இருக்கிறவள் சொல்கிறேன், கேள். "கட்டணத்தைக் குறையுங்கள்" என்று போனால் "பரிசீலிக்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். உயர்த்திய தீர்மானத்தின் தேதி என்ன, எப்போதிலிருந்து அமல், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் பொருந்துமா என்று கேள். சேரும்போது கொடுத்த கையேட்டில் பழைய தொகை அச்சாகியிருந்தால் நகல் இணை. ஒரு பட்டியல் போடு. உதவித்தொகை வங்கியில் வரவான தேதி ஒரு பத்தியில், கட்டணத்தின் கடைசித் தேதி அடுத்த பத்தியில், அவ்வளவுதான். விளக்கமே வேண்டாம், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

தம்பி: அந்தப் பட்டியலை நான் போட்டுத் தருகிறேன் அக்கா. எல்லோருடைய தேதியையும் அனுப்பு, கணக்கு எண்ணை மட்டும் மறைத்துவிடு.

அம்மா: உன் கைடு கோபித்துக்கொள்ள மாட்டாரே?

நான்: முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன் அம்மா. சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும் இல்லை, அந்தப் பருவத்தின் மழை அளவுப் பதிவையும் அவரே எடுத்து இணைத்தார்.

பெரியப்பா: சரி. மனுவில் அந்த வறண்ட பருவத்தைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறாய்?

நான்: மூன்றாம் பக்கத்தில்.

பெரியப்பா: முதலில் கொண்டுவா. எனக்குச் சொன்ன மாதிரியே எழுது. கட்டணம் என்று ஆரம்பித்தபோது எனக்கே பிடிபடவில்லை, பச்சையாக நின்ற வயலைச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

நான்: இப்போதே மாற்றுகிறேன் பெரியப்பா. சித்தி, ராத்திரிக்குள் அனுப்புகிறேன், திருத்திக் கொடுங்கள்.

சித்தி: அனுப்பு. இரண்டு நகல் எடுத்துப் போ, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதே.