நைட்ரஸ் திறந்தால் ரேடியேட்டரிலிருந்து கூலண்ட் வெளியேறுகிறது: ஜெட்டைப் பெரிதாக்கலாமா?

கேட்டவர்: கரும்புகை

அனைவருக்கும் வணக்கம். மூடிய பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் என் டிரக்கில் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் இருக்கிறது. பம்ப்பில் டீசல் அளவை முன்பே கூட்டியிருப்பதால் முழு மிதியில் கரும்புகை மிகுதியாக வந்தது. அதை எரித்துப் பயன்படுத்துவதற்காக 4.5 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு பாட்டில் ஒன்றையும், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குப் பிறகு வாயுவைப் பீச்சும் ஒரு நாசிலையும், அதில் வாயுவின் அளவைத் தீர்மானிக்கும் 1.6 மில்லிமீட்டர் துளையுள்ள ஜெட்டையும் பொருத்தினேன். ஆக்சிலரேட்டர் மிதியின் அடியில் உள்ள சுவிட்ச் அழுந்தியதும் சொலினாய்டு என்ற மின்வால்வு திறக்கிறது.

திறந்த கணத்தில் புகை அறவே மறைகிறது, இழுவை நன்றாகக் கூடுகிறது, சைலன்சர் பக்க வெப்பமானியும் சற்று இறங்குகிறது. ஆனால் ஓட்டத்தின் பாதியில் புகை திரும்பி வருகிறது. 750 பிஎஸ்ஐயில் தொடங்கும் பாட்டில் அழுத்தம் அப்போது 600க்கு வந்துவிடுகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் ஒருமுறை கனமாக உதைக்கிறது. ஓட்டம் முடிந்த பிறகு கூலண்ட் உபரித் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. வெப்பமானி இறங்குவதால் எஞ்சின் தாங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, 2 மில்லிமீட்டர் ஜெட் போட எண்ணியிருக்கிறேன். இது சரியா?

மறுமொழி: எஞ்சின் பட்டறை

நண்பரே, அந்த ஜெட்டை இப்போது தொடாதீர்கள். நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட கூலண்ட் விஷயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நைட்ரஸ் எரிபொருள் அன்று. அதன் எடையில் சுமார் 36 விழுக்காடு ஆக்சிஜன். காற்றில் அது 23 விழுக்காடுதான். உங்கள் பாட்டில் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 7 கிலோ காற்றில் இருக்கும் ஆக்சிஜனையே தருகிறது, ஆனால் அதைக் குறுகிய நேரத்துக்குள் தந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் காற்று மெலிந்த உயரங்களில் இதே வாயுவைப் பயன்படுத்தியதும் குறைந்த ஆக்சிஜனை ஈடுகட்டத்தான். ஆற்றல் முழுவதும் நீங்கள் கூட்டி வைத்த டீசலிலிருந்தே வருகிறது. புகையாகப் போய்க்கொண்டிருந்த டீசல் இப்போது சிலிண்டருக்குள்ளேயே, முன்னதாகவும் விரைவாகவும் எரிகிறது. திரவ நைட்ரஸ் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கிறது, தாமதமாக எரிந்துகொண்டே வெளியேறும் டீசலும் குறைகிறது. அதனால் வெப்பமானி இறங்குவது இயல்பு. ஆனால் அந்த மானி வெப்பத்தை மட்டுமே அறியும். பிஸ்டன் மேல் ஏறிய அழுத்தத்தை அது உங்களுக்குக் காட்டாது. வெப்பம் இறங்கியது என்பதை வைத்து எஞ்சின் தாங்குகிறது என்று முடிவு செய்வது இந்த வேலையில் மிகவும் ஆபத்தான முடிவு.

அழுத்தம் ஏறியதைக் காட்டுவது உங்கள் உபரித் தொட்டிதான். உச்ச அழுத்தத்தில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் மயிரிழை அளவு தூக்கப்படும்போது, எரிந்த வாயு இடையிலுள்ள கேஸ்கெட்டைத் தாண்டி நீர்ப்பாதைக்குள் நுழைந்து கூலண்டைத் தள்ளுகிறது என்றே நான் ஐயுறுகிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, ரேடியேட்டர் குழாய் சூடேறும் முன்பே விறைக்கிறதா என்று பாருங்கள். எரிந்த வாயுவின் கசிவைக் கண்டறியும் நீல நிறத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதியுங்கள். அது மஞ்சளாக மாறினால் ஐயமே வேண்டாம். மாறாவிட்டாலும் முழுச் சுமையில் மட்டும் ஹெட் தூக்குவதற்கு வாய்ப்பு உண்டு என்பதால், குளிரூட்டும் அமைப்பில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, நைட்ரஸ் இல்லாமல் ஓர் ஓட்டம் ஓட்டிப் பாருங்கள்.

ஜெட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1.6இலிருந்து 2 என்பது விட்டத்தில் கால் பங்குதான். துளையின் பரப்பிலோ ஒன்றரை மடங்குக்கும் மேல். வாயுவின் ஓட்டம் பரப்பைப் பொறுத்தது.

மறுமொழி: வாயுக்குழாய்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். புகை திரும்பி வருவதற்கும் உதைப்பதற்கும் காரணம் வேறு.

750 பிஎஸ்ஐ என்பது பாட்டில் ஏறக்குறைய 20 டிகிரியில் இருப்பதைக் காட்டுகிறது. திரவம் வெளியேற வெளியேற, எஞ்சியது கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. கொதிப்பதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுப்பதால் பாட்டில் குளிர்ந்து அழுத்தம் சரிகிறது. பாட்டில் சுமார் 30 டிகிரியில், 900 முதல் 950 பிஎஸ்ஐக்குள் தொடங்க வேண்டும். அதற்கென்று விற்கும் மின்சூடேற்றியை, அழுத்தம் எட்டியதும் தானே அணையும் சுவிட்சோடு பொருத்துங்கள். தீயால் பாட்டிலைச் சூடாக்குவதை எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது. 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸில் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லாமல் போவதால், வெயிலில் கிடந்த பாட்டிலின் அழுத்தத்தை நம்பி ஓட்டுவதும் தவறு.

பாட்டிலின் உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாயின் வாய் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்றும் பாருங்கள். வண்டி பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும். வாயும் பின்பக்கம், அடியில் இருந்தால்தான் கடைசி வரை திரவம் கிடைக்கும். இல்லாவிட்டால் பாதியில் வெறும் ஆவியே வரும். நீங்கள் விவரித்த அறிகுறி அதற்கும் பொருந்துகிறது.

கிளம்பும்போது உதைப்பது, டர்போ எழுவதற்கு முன் சொலினாய்டு திறப்பதால். குறைந்த சுழற்சியில் பிஸ்டன் மெல்ல நகர்வதால் எரிதல் முழுவதும் மேல்நிலைக்கு அருகிலேயே நிகழ்ந்து, பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராட் வளையக்கூடிய அளவுக்கு அழுத்தம் உருவாகிறது. மிதிச் சுவிட்ச் மட்டும் போதாது. அதோடு தொடராக, டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டுக்கு ஓர் அழுத்தச் சுவிட்ச், சுழற்சி எல்லைச் சுவிட்ச், ஓட்டுநர் கைக்கெட்டும் முதன்மைச் சுவிட்ச் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ரிலேயும் ஃபியூஸும் தனியாக. என் வண்டியில் நிமிடத்திற்கு 2000 சுழற்சிக்குக் கீழே திறக்க நான் விடுவதில்லை. ஒரு சொலினாய்டு திறந்தபடி சிக்கிக்கொண்டால் அடைப்பதற்கு வழி இருக்காது என்பதால், வரிசையில் இரண்டாவதாக ஒன்றும் போட்டிருக்கிறேன்.

பாட்டில் எங்கே இருக்கிறது?

கேட்டவர்: கரும்புகை

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. பாட்டில் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. உறிஞ்சுகுழாயின் வாய் முன்பக்கம் பார்த்திருப்பதை இப்போது உறுதி செய்துகொண்டேன்.

மறுமொழி: வாயுக்குழாய்

கேபினுக்குள் இருந்தால் பாட்டிலின் பாதுகாப்புத் தகட்டிலிருந்து வெளியே செல்லும் தடித்த குழாய் கட்டாயம். அழுத்தம் மிஞ்சினால் தகடு கிழிந்து முழு வாயுவும் சில நொடிகளில் வெளியேறும். மூடிய கேபினில் அது மூச்சுக் காற்றையே விரட்டிவிடும். வண்டி வாயுவில் முகர்வதைத் தடுக்கக் கந்தக டைஆக்சைடு சிறிதளவு கலக்கப்படுவதால் கண்ணும் மூக்கும் எரியும். என் கருத்தில் திறந்த பின்தளமே சரியான இடம்.

இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ சிறிதும் படக் கூடாது. வால்வைத் திடீரென்று திறக்காமல் மெல்லத் திறக்க வேண்டும். நைட்ரஸ் தானாகவே சிதைந்து வெப்பம் வெளியிடக்கூடியது. 2007 ஜூலை 26 அன்று கலிஃபோர்னியாவின் மொஹாவியில் ராக்கெட் பணிக்காக நைட்ரஸ் ஓட்டத்தை மட்டும், எரிபொருள் எதுவும் சேர்க்காமல் சோதித்தபோது நேர்ந்த வெடிப்பில் மூவர் உயிரிழந்தார்கள். இதே காரணத்தால் இண்டர்கூலரில் தேங்கும் எஞ்சின் எண்ணெயைக் கழுவி எடுங்கள். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் மூச்சுக்குழாயை, எஞ்சினுக்குள் காற்று செல்லும் உறிஞ்சு பாதையிலிருந்து பிரித்து, எண்ணெய் சேகரிக்கும் தனி டப்பாவுக்குக் கொண்டுபோங்கள். உறிஞ்சு பாதையில் மின்சூடேற்றி இருந்தால் நைட்ரஸ் இயங்கும் நேரத்தில் அது அணைந்திருக்க வேண்டும். கிளப்புவதற்கு ஈதர் தெளிக்கும் பழக்கம் இருந்தால் இந்த வண்டியில் அதை விட்டுவிடுங்கள்.

கேட்டவர்: கரும்புகை

நீலத் திரவம் மாறவில்லை. ஆனால் நைட்ரஸ் இல்லாத ஓட்டத்திலேயே, பூஸ்ட் முழுமையாக எழுந்தபோது குளிரூட்டும் அமைப்பின் மானி சட்டென ஏறியது. ஹெட்டைக் கழற்றியதில் ஐந்தாம், ஆறாம் சிலிண்டர்களுக்கு அருகே நீர்த்துளையை நோக்கிக் கேஸ்கெட்டில் கரிக்கோடு தெரிகிறது. போல்ட்டுகள் தொழிற்சாலையில் வந்தவையே. இனி எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

மறுமொழி: எஞ்சின் பட்டறை

ஹெட்டின் அடிப்பரப்பும் பிளாக்கின் மேற்பரப்பும் நேராக உள்ளனவா என்று அளந்து, தேவையானால் சமன் செய்யுங்கள். பழைய போல்ட்டுகளுக்கு மாற்றாக நட்டால் இறுக்கப்படும் உயர்வலு ஸ்டட்டுகளைப் போட்டு, அவற்றைத் தயாரித்தவர் குறிப்பிடும் எண்ணெயோடும் முறுக்கு அளவோடும் படிப்படியாக இறுக்குங்கள். மறு இறுக்கம் தேவையா என்பதையும் அதே குறிப்பில் பாருங்கள். ஆறு கனெக்டிங் ராடுகளும் வளையாமல் நேராக உள்ளனவா என்பதையும் இப்போதே சோதித்துவிடலாம், அந்த உதைப்பை அவை ஏற்கெனவே பலமுறை வாங்கியிருக்கின்றன.

கூட்டிய பிறகு முதலில் நைட்ரஸ் இல்லாமல் முழுச் சுமையில் ஓட்டி, குளிரூட்டும் அமைப்பின் அழுத்தம் அசையாமல் நிற்பதை உறுதி செய்யுங்கள். அந்த மானியை வண்டியிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். அதன் பின் வாயுக்குழாய் சொன்ன சுவிட்சுகளோடும் சூடேற்றியோடும் 1 மில்லிமீட்டர் ஜெட்டிலிருந்து தொடங்கி, புகை மறையும் அளவோடு நிறுத்துங்கள். புகை மறைந்த பிறகு எரிப்பதற்கு டீசல் மிச்சமில்லாததால் அதற்கு மேல் ஜெட்டைக் கூட்டுவதில் பயன் குறைவு. மேலும் ஆற்றல் வேண்டுமென்றால் டீசலையும் கூட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பிஸ்டன், ராடு, டர்போவின் சுழல் வேக எல்லை ஆகியவற்றைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஹெட்டை அளந்த விவரங்களை இங்கே எழுதுங்கள். சிலிண்டர் வாயைச் சுற்றி அழுத்தத்தை அடைக்கும் உலோக வளையமான ஃபயர் ரிங்குக்குப் பள்ளம் வெட்ட வேண்டுமா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.