தெம்புருங் குகையில் கழுத்தளவு தண்ணீரா?

கோப்பேங்வாசி:
நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார்: "குவா தெம்புருங்கில் கழுத்தளவு ஆற்றில் இறங்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தோம்." படித்ததும் குடித்த தே தாரிக் மூக்கில் ஏறிவிட்டது. நான் அந்தக் குகை இருக்கும் பேராக் கோப்பேங் மலையடிவாரத்தில் பிறந்தவன். அங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்ததே இல்லை. கழுத்தளவாம்!

கிள்ளான்_குமரன்:
அந்தத் தம்பி நான்தான். வழிகாட்டி முன்னால், நாங்கள் எட்டுப் பேர் பின்னால், தலையில் விளக்கு. படியேறி உச்சிவரை போய், பாறையில் சறுக்கி இறங்கி, ஆற்றோடு வெளியே வந்தோம். கழுத்துவரை தண்ணீர் இருந்தது. அண்ணன் கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள்?

கோப்பேங்வாசி:
அங்கே விளக்கும் நடைபாதையும் போடுவதற்கு முன்பே போனவன் நான். அரிக்கன் விளக்கோடு. முழங்கால்தான்.

தைப்பிங்_தங்கச்சி:
ஒரு சந்தேகம். தாழ்வான இடங்களில் தண்ணீருக்குள் படுத்து ஊர்ந்துதானே போகவேண்டும்? படுத்தால் கணுக்கால் தண்ணீரும் கழுத்துக்கு வரும். அளந்தது நின்றா, படுத்தா?

கோப்பேங்வாசி:
முழங்கால்தாம்மா.

கிள்ளான்_குமரன்:
கழுத்து. அதுவும் நாட்டிலேயே பெரிய குகையில்.

புந்தோங்_கச்சான்:
பெரிய குகையா? சரவாக் முலுவில் இருக்கும் கிளியர்வாட்டர் குகை 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம். தெம்புருங் 3 கிலோமீட்டர் சொச்சம். மலாயில் தெம்புருங் என்றால் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் குமரா?

கிள்ளான்_குமரன்:
கச்சான் விற்பவர்கள் குகை அளக்க வரவேண்டாம்.

புந்தோங்_கச்சான்:
ஈப்போவுக்கு வரும்போது எங்கள் புந்தோங் கச்சான் பூத்தே கடலைப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் வாங்கிப் போகத் தெரிகிறதே?

தைப்பிங்_தங்கச்சி:
மழை பெய்தால் குகைக்குள் ஆற்றோடு போகும் சுற்றை நிறுத்திவிடுவார்கள், தெரியுமா? மலைக்கு மேலே பெய்தாலும் உள்ளே சட்டென்று ஏறிவிடும். 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 பையன்களும் பயிற்சியாளரும் அப்படித்தானே மாட்டினார்கள்? ஒருநாள் முழங்கால், ஒருநாள் கழுத்து என்று இருக்கலாம் இல்லையா?

கோப்பேங்வாசி:
தாய்லாந்துக் கதை இங்கே எதற்கு? நான் சொல்வது கோப்பேங். அந்தக் குகைக்குள் ஈயம் தோண்டியிருக்கிறார்கள். கழுத்தளவு ஆறு என்றால் மூழ்கியபடியா தோண்டினார்கள்? அப்புறம் ஒன்று கேட்கிறேன். போன மாதம் பத்து காஜா கெல்லி மாளிகையில் வெள்ளைக்கார ஆவி தோளைத் தொட்டது என்று எழுதியவரும் இதே குமரன்தானே?

கிள்ளான்_குமரன்:
தொட்டது உண்மை.

புந்தோங்_கச்சான்:
அந்த மாளிகையைக் கட்டிய கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் செத்துப்போனார். மாளிகை வேலை அரைகுறையாக நின்றுவிட்டது. கிள்ளான்காரர் தோளைத் தொடவா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்?

கிள்ளான்_குமரன்:
பக்கத்து மாரியம்மன் கோயில்மேல் அவர் உருவம் நிற்கிறதே, அது யாராம்? தெரியாமல் பேசாதீர்கள்.

கோப்பேங்வாசி:
அந்தக் கோயிலைக் கட்டியது நம் தோட்டத்து ஆட்கள் தம்பி. எனக்கே பாடமா? பேச்சை மாற்றாதீர்கள். தண்ணீர் முழங்கால்.

கிள்ளான்_குமரன்:
என் சட்டைக் காலர் நனைந்த படம் இருக்கிறது. போடவா?

தைப்பிங்_தங்கச்சி:
படத்தில் நிற்கிறீர்களா, படுத்திருக்கிறீர்களா?

கோப்பேங்வாசி:
காலர் நனைந்தது வியர்வை. மேலே ஏறும் படிகளில் எனக்கே மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நானே ஒரு அளவுகோல் கொண்டுவருகிறேன். முழங்கால்.

கிள்ளான்_குமரன்:
யார் முழங்கால் அண்ணே? ஒட்டகச்சிவிங்கியுடையதா?