ஆன் பிராங்க் டைரியைப் படிப்பது திருட்டா? ஞாயிறு பேச்சுக்குப் பதில்

செந்தூல் மணி:
போன ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அந்தப் பெண் தனக்காக எழுதிய டைரியை அப்பா அவளைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்தார், அதைப் படிப்பதே திருட்டு" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. புத்தகத்தை ஒழுங்காகப் படித்தீர்களா? 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில் ஓர் அமைச்சர் பேசினார். போர் முடிந்ததும் மக்கள் எழுதிய கடிதங்களையும் டைரிகளையும் திரட்டப்போகிறோம் என்றார். நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த இடத்தில் அதைக் கேட்ட யூதப் பெண் ஆன், மே 20ஆம் தேதி உட்கார்ந்து முதலிலிருந்து தன் கையால் திருப்பி எழுத ஆரம்பித்தாள். தலைப்புகூட அவள் யோசித்ததுதான். கூட இருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர் வைத்தாள். ஊர் படிக்கப்போகிறது என்று நினைக்காதவள் எதற்கு மாற்றுப் பெயர் வைக்கவேண்டும்? மே 20. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
எழுந்து பேசியது நான்தான். "ஒருவர்" என்று ஏன் சுற்றி வளைக்கிறாய் மணி? திருப்பி எழுதினாள், சரி. எதுவரை எழுதினாள் என்று ஏன் சொல்லவில்லை? மார்ச் 29 வரை உள்ள குறிப்புகளைத்தான் திருத்த முடிந்தது. ஆகஸ்ட் 4ஆம் தேதி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் 1 வரை நாம் படிப்பது அவள் கை வைக்காத முதல் எழுத்து. அதோடு, கூட ஒளிந்திருந்த பையன் பீட்டர்மேல் இருந்த ஆசையைப் பற்றி முதலில் எழுதியதில் பலவற்றைத் திருத்தும்போது அவளே விட்டுவிட்டாள். 1947இல் புத்தகம் வரும்போது அப்பா அதில் சிலவற்றைத் திரும்பச் சேர்த்தார். மகள் வேண்டாம் என்று எடுத்ததைத் திரும்ப வைக்க அவர் யார்?

செந்தூல் மணி:
அவர் யாரா? பெற்ற அப்பா. அந்த வீட்டில் நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான். போருக்குப் பிறகு புத்தகம் போடவேண்டும் என்று அவள் மே 11 குறிப்பிலேயே எழுதியிருக்கிறாள், ஒன்பதாம் நாள் வேலையைத் தொடங்கிவிட்டாள். நான் மே 20 என்கிறேன், நீங்கள் பீட்டருக்குப் போகிறீர்கள்.

ரங்கப்பிள்ளை ரசிகன்:
இரண்டு பேரும் ஆம்ஸ்டர்டாமை விட்டு வெளியே வரமாட்டீர்களா? நம் தமிழில் 1736இலிருந்து 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை டைரி எழுதி வைத்தார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்கு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினார். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததை, ஊர் எப்படித் தவித்தது என்று பக்கத்தில் நின்று எழுதினார். 1846இல்தான் அது வெளியே தெரிந்தது. அப்புறம் ஆங்கிலத்தில் 12 தொகுதி. அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? கேட்டிருந்தால் நமக்கு அந்தக் கோயில் இடிந்த கதையே கிடைத்திருக்காது.

செந்தூல் மணி:
ஐயா, கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, துரை என்ன சொன்னார் என்று எழுதுவது வேறு. அது முக்கால்வாசி கணக்குப் புத்தகம். இங்கே பேச்சு ஒரு பெண்ணின் சொந்த வாழ்க்கையைப் பற்றி. அப்புறம், என்னிடம் வாங்கிப்போன மூன்றாம் தொகுதி எப்போது வீட்டுக்கு வரும்?

ரங்கப்பிள்ளை ரசிகன்:
கணக்குப் புத்தகமா? சகுனம், வீட்டு விசேஷம், மனஸ்தாபம் எல்லாம் அதில் இருக்கிறது. படித்தவன் பேசும் பேச்சா இது? புத்தகத்தைத் தீபாவளிக்கே தர வந்தேன், உங்கள் வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. அதை இங்கே இழுத்தது உங்கள் தரம்.

பட்டர்வொர்த் அக்கா:
நீங்கள் இருவரும் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசினேன் என்று சொல்கிறேன். என் அம்மா சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 நோட்டு இருக்கிறதே, அதில் எழுதுவார். ஒரு பக்கம் அன்றைக்கு எத்தனை ராத்தல் பால், மறுபக்கம் மனதில் இருந்தது. இரண்டு பக்கத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். காய்ந்த பருக்கை மேலே முட்டிக்கொண்டு நிற்கும், விரலால் தடவினால் தெரியும். அம்மா போனதும் என் சின்னம்மா மகன் அதைக் கெண்டி ஆவியில் காட்டிப் பிரித்தான். பதினாறாம் நாள் நினைவு மலரில் அச்சடித்தான். "மூத்தவளுக்கு என்மேல் பிரியம் இல்லை." மூத்தவள் நான். பந்தியில் இலை போட்ட இடத்தில் நூற்றைம்பது பேர் கையில் அந்த வரி. ஆன்கூட இரண்டு பக்கத்தைப் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்தாள், தெரியுமா? 2018இல் அதையும் படித்து உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். ஒட்டினால் என்ன அர்த்தம் மணி? சொல்.

செந்தூல் மணி:
அக்கா, உங்களுக்கு நடந்தது கொடுமை. சின்னம்மா மகன் செய்தது தப்பு. ஆனால் உங்கள் அம்மா ஒட்டினார், ஆன் திருப்பி எழுதினாள். இரண்டும் எப்படி ஒன்றாகும்? அந்த இரண்டு பக்கத்தைப் படித்தது ஆராய்ச்சியாளர்கள், அப்பா இல்லை. என் தாத்தா போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பியவர். ஒரு வரி எழுதி வைக்கவில்லை. என்ன சாப்பிட்டார், எந்த முகாமில் இருந்தார், யார் பக்கத்தில் செத்தார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. கேட்டால் வெளியே எழுந்து போய்விடுவாராம். எழுதியிருந்தால் அவர் எத்தனை பருக்கை வைத்து ஒட்டியிருந்தாலும் நான் பிரித்திருப்பேன். சும்மா சொல்லவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:
பிரிப்பேன் என்று நீயே சொல்லிவிட்டாய். அப்புறம் மே 20 எதற்கு? அவள் எழுதாவிட்டாலும் நீ படித்திருப்பாய்.

செந்தூல் மணி:
மே 20 முக்கியம். அவள் விருப்பம் அதில் இருக்கிறது.

பினாங்கு தேவி:
அக்கா சொல்வதுதான் எனக்கும் படுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையின் விருப்பத்தை வைத்து இவ்வளவு பெரிய தீர்ப்பா? பீட்டர் பகுதியை விட்டிருக்கலாம்.

செந்தூல் மணி:
விட்டால் "அப்பா மறைத்துவிட்டார்" என்பீர்கள். போட்டால் "ஏன் போட்டார்" என்பீர்கள். வேறு சில இடங்களை அவர் எடுத்தார் என்பதற்கும் திட்டு வாங்கினார் மனுஷன். தேவி, கோலாலம்பூர்க்காரன் எது சொன்னாலும் பினாங்கிலிருந்து ஒரு மறுப்பு வந்தாகவேண்டுமா? போன வருஷம் நான் சொன்ன நாவலையும் இப்படித்தான் தள்ளினீர்கள்.

பினாங்கு தேவி:
நாவல் நன்றாக இல்லை, தள்ளினோம். அதற்கு ஊர்ச்சண்டையா?

ரங்கப்பிள்ளை ரசிகன்:
கணக்குப் புத்தகம் என்று சொன்னதைத் திரும்பப் பெறாமல் நான் எந்தத் தொகுதியையும் கொண்டு வரமாட்டேன்.

செந்தூல் மணி:
கொண்டு வரவேண்டாம் ஐயா, வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிறு நான் ஆன் புத்தகத்தைக் கொண்டு வருகிறேன். மே 20 குறிப்பை எல்லார் முன்னாலும் வாசிக்கிறேன். அக்கா, முதல் ரயிலில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம்.

பட்டர்வொர்த் அக்கா:
நான் வரவில்லை. மார்ச் 29க்குப் பிறகு அவள் திருத்திய ஒரு பக்கம் இருந்தால் இங்கேயே போடு. அம்மா நோட்டை அவனிடமிருந்து வாங்கி அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி ஒட்டி வைத்திருக்கிறேன். சோற்றுப் பருக்கை வைத்துத்தான்.

செந்தூல் மணி:
மார்ச் 29 இல்லை அக்கா. மே 20.