ஆர்டர் வேகம் பார்த்து புரோக்கர் மாத்தினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோத்தகிரி இலைக்காரர்:
2024 ஜூன் 4, தேர்தல் ரிசல்ட் அன்னிக்கு. என்எஸ்இ பங்குச் சந்தையோட குறியீடு நிஃப்டி ஒரே நாள்ல கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்துச்சே, அன்னிக்குத்தான். முந்தின நாள் எக்ஸிட் போலை நம்பி ஒரு பொதுத்துறை பங்கு 300 வாங்கியிருந்தேன். 'மில்லி செகண்டுல ஆர்டர்'னு விளம்பரம் பார்த்துத்தான் அந்த ஆப்புக்கே போனேன். விற்கலாம்னு மார்க்கெட் ஆர்டர் (அப்ப கிடைக்கிற விலைக்கே முடிக்கிறது) அழுத்தினா வட்டம் சுத்துது. மேல விலை மட்டும் சிவப்புல இறங்கிக்கிட்டே இருக்கு, கீழ நான் போட்ட ஆர்டர் லிஸ்ட் காலி. மறுபடி அழுத்தினா ரெண்டு தடவை வித்துடுமோன்னு பயம், கட்டைவிரல் அப்படியே நிக்குது. கடைசியில பங்குக்கு 11 ரூபா குறைச்சுப் போச்சு. 3,300 ரூபா. பச்சைத் தேயிலை கிலோ இருபதுன்னு வச்சாலும் அது 165 கிலோ இலை. நல்ல வேகமான புரோக்கர் எது, சொல்லுங்க.

குன்னூர் ராத்திரிப்பறவை:
அண்ணா, தப்பா நினைக்காதீங்க, வெறும் புரோக்கர் வேகம்னு சொல்லிட முடியாது. போன்ல இருந்து டவர், அங்கிருந்து புரோக்கர் சர்வர், அங்க கணக்குல போதுமான பணம் இருக்கான்னு மார்ஜின் சோதனை, அப்புறம்தான் எக்ஸ்சேஞ்ச், அதாவது பங்குச் சந்தை. எக்ஸ்சேஞ்சுக்குப் போயிட்டா கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது. நானும் ஆறு மாசம் புரோக்கரைத் திட்டினேன், பார்த்தா என் ரூம்ல சிக்னல் ஒரே கோடு. வாசல்ல நின்னு போட்டேன், சரியாயிடுச்சு.

கோத்தகிரி இலைக்காரர்:
தம்பி, நான் ஃபைபர்ல இருந்தேன். அதே நேரம் பையன் அதே வைஃபைல டிவியில ரிசல்ட் பார்த்துக்கிட்டு இருந்தான், ஒரு தடவைகூட நிக்கல.

பெருமாள்மலை:
எனக்கு 2021 பிப்ரவரி 24. காலை 11:40க்கு என்எஸ்இயே நின்னுச்சு. அன்னிக்கே வாங்கி அன்னிக்கே முடிக்கிற என் இன்ட்ராடே பொசிஷனை புரோக்கர் இன்னொரு சந்தையான பிஎஸ்இல கிடைச்ச விலைக்கு முடிச்சு விட்டாங்க. அப்புறம் 3:45க்கு என்எஸ்இ திறந்து 5 மணி வரை ஓடுது, நான் கையில ஒண்ணுமில்லாம பார்த்துக்கிட்டு இருக்கேன்.
கோத்தகிரி அண்ணா, நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன். ரெண்டு வேற வேற புரோக்கர்ல கணக்கு வைங்க. ஆனா ஒண்ணுல வாங்கின பங்கை இன்னொண்ணுல நேரா விற்க முடியாது, அதனால முழுசையும் ஒரே இடத்துல போடாதீங்க. போன்ல ஆர்டர் எடுக்கிற நம்பரை இப்பவே சேமிச்சுக்குங்க. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் போதும். புது ஆப்பைச் சோதிக்கணும்னா மதியம் 1 மணிக்குச் சோதிக்காதீங்க, அப்ப எல்லாமே வேகம்தான். சந்தை திறக்கிற 9:15க்கு ஒரே ஒரு பங்கு வாங்கிப் பாருங்க, ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியிற எக்ஸ்பைரி அன்னிக்கும் பாருங்க. பதட்டமான நாள்ல மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், நீங்களே விலை குறிக்கிற லிமிட் போடுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதல்ல புரோக்கருக்கு எழுதுங்க, அசையலைன்னா சந்தையைக் கண்காணிக்கிற செபியோட ஸ்கோர்ஸ் புகார் தளத்துல போடுங்க. 21 நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லியாகணும்.

எமரால்டு அக்கா:
பெருமாள்மலை அண்ணா, ஜூலைக் காத்துல எங்க பக்கம் மரம் விழுந்தா ரெண்டு நாள் கரண்டும் இல்ல டவரும் இல்ல. உங்க சின்ன யுபிஎஸ் என்ன செய்யும்? நான் ஜிடிடி (சொன்ன விலை வந்தா தானா ஆர்டர் போகுறது) போட்டு வச்சுட்டேன். அது புரோக்கர் சர்வர்லயே காத்துக்கிட்டு இருக்கும், என் போன் அணைஞ்சிருந்தாலும் பரவாயில்ல. மூணாம் நாள் போனை உயிர்ப்பிச்சா நான் சொன்ன விலைக்கு வாங்கியிருந்துச்சு. ஆனா விலை ஒரேயடியா தாண்டிப் போனா ஜிடிடியும் நிரம்பாது.

குன்னூர் ராத்திரிப்பறவை:
அண்ணா, அந்த ஆர்டர் விவரத்தைத் திறங்க. ரெண்டு நேரம் இருக்கும்: புரோக்கர்கிட்ட சேர்ந்தது, எக்ஸ்சேஞ்ச்ல சேர்ந்தது.

கோத்தகிரி இலைக்காரர்:
பார்த்தேன் தம்பி. வட்டம் சுத்தும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட் 11:36. புரோக்கர் நேரம் 11:40:07, எக்ஸ்சேஞ்ச் நேரமும் அதே 11:40:07. அவங்க உள்ள வேகம்தான். அந்த நாலு நிமிஷம் என் ஆர்டர் அவங்க வாசல்லயே நின்னுருக்கு. இதையே எழுதி இன்னிக்கு ராத்திரி புரோக்கருக்கு மெயில் அனுப்புறேன்.