எஸ்.பி.எஸ். பார்க்கிறவர்கள், கேட்கிறவர்கள் கவனத்துக்கு

மெல்பர்ன்வாசி
எஸ்.பி.எஸ். என்பது ஆஸ்திரேலியாவின் பன்மொழி ஒளிபரப்பு நிறுவனம். இங்கே புதிதாக வருகிறவர்கள் ரிமோட்டில் அதன் முதன்மைச் சேனலான 3-ஐ மட்டும் வைத்துவிட்டு, "பன்மொழி சேனல் என்றார்களே, எல்லாம் ஆங்கிலமாக இருக்கிறதே" என்கிறார்கள். 32-இல் உலக சினிமா, 33-இல் சமையல், 34-இல் பூர்வகுடிகளின் என்.ஐ.டி.வி. பிறநாட்டுச் செய்திகள் 35-இல், வேர்ல்ட்வாட்ச். அந்தந்த நாட்டு மொழியிலேயே வரும், சப்டைட்டிலை எதிர்பார்க்காதீர்கள். 2022 மே மாதம் தொடங்கிய சேனல் அது. பழைய டிவியில் காணவில்லை என்றால் மறுபடி ஆட்டோ டியூன் போடுங்கள்.

கூரை ஆன்டெனா
ஆட்டோ டியூனோடு முடிந்தால் அதிர்ஷ்டம்! 1980 அக்டோபர் 24 அன்று சிட்னியிலும் மெல்பர்னிலும் தொடங்கியபோது எஸ்.பி.எஸ். டிவியின் பெயரே சேனல் 0/28. வி.எச்.எஃப். அலைவரிசையில் 0, அதைவிட அதிர்வெண் கூடிய யு.எச்.எஃப். அலைவரிசையில் 28, இரண்டிலும் ஒரே நிகழ்ச்சி. 1986 ஜனவரியில் 0-ஐ நிறுத்தினார்கள்; யு.எச்.எஃப். ஆன்டெனா இல்லாத வீடுகளில் அன்றோடு படம் போயிற்று. மேடும் மரமும் குறுக்கே நின்றால் யு.எச்.எஃப். அலை சட்டென வலுவிழக்கும், ஆகவே ஆன்டெனாவின் உயரமும் திசையும் சரியாக இருக்க வேண்டும். யாருக்காகத் தொடங்கினார்களோ அந்தக் குடியேறிகள் தலையிலேயே ஆன்டெனாச் செலவும் விழுந்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வானொலி ரசிகை
டிவிக்கு முன்பே வானொலி வந்துவிட்டது. மெடிபேங்க் என்ற புது மருத்துவக் காப்பீட்டைக் குடியேறிகளுக்கு அவரவர் மொழியில் விளக்க, 1975-இல் சிட்னியில் 2இஏ, மெல்பர்னில் 3இஏ என்ற வானொலி நிலையங்களைத் தொடங்கினார்கள். இன்று 60-க்கு மேற்பட்ட மொழிகள், தமிழும் உண்டு. எந்த மொழிக்கு இடம் என்பதை சென்சஸ் கணக்கை வைத்துத்தான் பரிசீலிக்கிறார்கள். வீட்டில் அதைப் பேசுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஆங்கிலம் சரியாக வராதவர்கள் எத்தனை பேர், புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் பார்ப்பார்கள். படிவத்தில் வீட்டுமொழி கேட்கும் இடத்தில் "இந்தியன்", "ஸ்ரீலங்கன்" என்று எழுதினால் தமிழ்க் கணக்கில் ஒரு தலை குறையும். பிள்ளைகள் ஆங்கிலம் கலந்து பேசினாலும், வீட்டில் தமிழ் புழங்கினால் தமிழ் என்றே எழுதுங்கள்.

மெல்பர்ன்வாசி
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை: அரசுப் பணம் வந்தாலும், 1991-ஆம் ஆண்டின் எஸ்.பி.எஸ். சட்டப்படி மணிக்கு 5 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். முன்பு நிகழ்ச்சிகளுக்கு இடையில்தான் போட்டார்கள். 2006 முதல் நடுவிலும் வெட்டுகிறார்கள். படத்தில் லயித்திருக்கும்போது அது எரிச்சல்தான். இணையத்தில் விரும்பிய நேரத்தில் பார்க்கும் எஸ்.பி.எஸ். ஆன் டிமாண்ட் இலவசம், ஆனால் கணக்கு தொடங்க வேண்டும். ஊருக்கு விடுமுறையில் போய்த் திறந்தால் ஓடாது. ஒளிபரப்பு உரிமை ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமே.